மழைக்குக் கரையாத சிவப்பு

ஜூன் 9

அன்புள்ள மருமகளுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமா என்பது உன் கடிதத்தில் இல்லை. எழுதாவிட்டால் நலம் என்று நானே வைத்துக்கொள்ள மாட்டேன். எழுது.

உங்கள் வீட்டில் எனக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருப்பது பற்றி எழுதியிருந்தாய். அலமாரி எந்தப் பக்கம், குளியலறை எவ்வளவு அருகில் என்பதெல்லாம் விவரமாக இருந்தது. ஜன்னலிலிருந்து என்ன தெரியும் என்பது மட்டும் இல்லை. அதையும் சொல். வருவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உன் மாமனார் போன பிறகு நான் இந்த வீட்டில் தனியாக இருக்கக் கூடாது என்று என் பிள்ளை துரை சொல்லிக்கொண்டே இருக்கிறான். என் கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவன் குரல் இன்னும் உயர்ந்திருக்கிறது. இதுவரை காரணம் சொல்லாமலே மறுத்து வந்தேன். இப்போது காரணமும் கிடைத்திருக்கிறது.

கொல்லைச் சுவருக்கு அப்பால் இருக்கும் ஈரப் புல்வெளியை நீ பார்த்திருக்கிறாய். திருமணமான புதிதில் அங்கே உன் செருப்பு ஒன்று புதைந்தது. அந்தக் கோரைகளுக்கு நடுவே ஒரு பறவைக் கூட்டம் வந்திருக்கிறது. சிட்டுக்குருவியைவிடச் சிறியவை. புல்லின் கதிர்மேல் உட்கார்ந்து விதையைக் கொத்துகின்றன. கதிர் வளைகிறதே தவிர ஒடிவதில்லை, அவ்வளவு எடை குறைவு. பெரும்பாலானவை மண்ணின் பழுப்பு. சில மட்டும் பழுத்த ஸ்ட்ராபெரியின் சிவப்பு. இறக்கையிலும் விலாவிலும் ஊசி முனையால் தொட்டு வைத்ததுபோல வெண்புள்ளிகள். வால் கறுப்பு. அலகு சிவப்பு.

பள்ளியில் எனக்குப் பரிசாகக் கிடைத்த பறவைப் புத்தகத்தில் தேடினேன். படம் கறுப்பு வெள்ளை. இருந்தாலும் ஐயமில்லை. இது சிவப்புச் சில்லை.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா, "என்னம்மா, காலைலேர்ந்து புல்லையே பாத்துக்கிட்டு நிக்கறீங்க, ஏதாச்சும் தொலைஞ்சு போச்சா?" என்றார்.

"இல்ல, ஒண்ணு கெடச்சிருக்கு" என்றேன்.

துரைக்குப் படித்துக் காட்டு. அவனாகப் படிக்க மாட்டான்.

உன் அத்தை

•

ஜூன் 24

அத்தைக்கு வணக்கம்.

நாங்கள் இருவரும் நலம். உங்கள் மகனுக்குச் சளி இருந்தது, போய்விட்டது. எனக்குச் சாயப்பட்டறையில் வேலை கூடியிருக்கிறது. இந்த வாரம் முழுவதும் ஒரே ஊதா நிறத்தைப் பொருத்திப் பொருத்திக் கண் எரிகிறது.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். "கண் ஆபரேஷன் ஆனதுலேர்ந்து அம்மாவுக்கு எல்லாம் செவப்பாத்தான் தெரியுது. போன மாசம் பால்காரர் சைக்கிள் செவப்புன்னாங்க. அது பச்சை. நாளைக்கு அடுப்புல தீ புடிச்சாலும் பறவைன்னு நின்னு பாப்பாங்க. கூட்டிட்டு வந்துடணும்."

அதற்குள் என் பெரியப்பா வந்தார். விலங்கியல் பேராசிரியராக இருந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் பார்த்தது உண்மையாக இருக்கலாம் என்றார். ஆனால், "சில்லையைப் புடிச்சு, சாயம் அடிச்சு, கூண்டுல வச்சு விக்கறவங்க உண்டும்மா. நாலு தப்பிச்சு வந்து பழுப்புக் கூட்டத்தோட சேந்திருக்கும். ஒரு நல்ல மழை பேஞ்சா சாயம் வெளுத்துரும்" என்றார்.

உங்கள் மகன் அதைப் பிடித்துக்கொண்டார். மழையில் சிவப்பு போய்விட்டால் உங்கள் கண்ணை நம்பி உங்களைத் தனியாக விட முடியாது, நீங்கள் இங்கே வந்துவிட வேண்டும். சிவப்பு போகாவிட்டால் இந்தப் பேச்சையே இனி எடுக்க மாட்டாராம். எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

அறைச் சுவருக்கு வெளிர்நீலம் அடித்தாயிற்று.

மருமகள்

•

ஜூலை 2

அன்புள்ள மருமகளுக்கு,

உடம்பு திடம். மருந்துகள் வேளை தவறவில்லை. ஊதாவை விட்டுவிட்டு நடுநடுவே எழுந்து பச்சையைப் பார், கண்ணுக்கு நல்லது.

முதலில் சைக்கிள். பால்காரர் மே மாதம்தான் அதற்குச் சிவப்பு அடித்தார். துரை கடைசியாகப் பார்த்தபோது பச்சை. வருடத்துக்கு ஒருமுறை வருகிறவனுக்கு எல்லாமே பழைய நிறத்தில்தான் இருக்கும்.

அடுத்தது உன் பெரியப்பா. அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தது மீன். உங்கள் திருமணப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி வரை கெண்டையின் செதிளைப் பற்றித்தான் பேசினார்.

பந்தயத்துக்குச் சம்மதம். மழையில் அந்தச் சிவப்பு கரைந்தால் பெட்டியோடு வருகிறேன். கரையாவிட்டால் துரை வாயைத் திறக்கக் கூடாது. என்ன பார்த்தாலும் பார்த்தபடியே எழுதுவேன். எங்கள் ஓவிய வகுப்பு சிஸ்டர், இருப்பதைவிட ஓர் இதழ் கூடுதலாகப் போட்ட பூவைக் கிழித்துப் போட்டுவிடுவார். நான் அவரிடம் படித்தவள்.

சுவரின் நிறம் தெரிந்தது. ஜன்னல்?

உன் அத்தை

•

செப்டம்பர் 11

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். முழங்கால் மழைக்கு முனகுகிறது, நான் பதில் சொல்வதில்லை. உங்கள் பக்கம் வெள்ளம் என்று வானொலியில் கேட்டேன். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லையே?

இங்கே ஆகஸ்ட் முழுவதும் மழை. கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைத்துவிட்டுக் குடையோடு போய்ச் சுவரோரம் நின்றேன். சிவப்பு கரையவில்லை. இன்னும் ஏறியிருக்கிறது. ஜூனில் திட்டுத்திட்டாக இருந்த ஆண்கள்கூட இப்போது முழுச் சிவப்பு. ஒன்று கதிர்மேல் உட்கார்ந்து உடம்பை உதறியது. அதிலிருந்து தெறித்த நீரைப் பைனாகுலரில் பார்த்தேன். வெறும் தண்ணீர்.

கோரையின் அடியில் புல்லால் பின்னிய பந்துபோல ஒரு கூடும் இருக்கிறது. சிவப்பு ஒன்றும் பழுப்பு ஒன்றும் அதற்குள் போய் வருகின்றன. சாயம் பூசிய கைதி இவ்வளவு சீக்கிரம் குடும்பம் நடத்துவானா என்று மீன் பேராசிரியரிடம் கேள்.

துரையின் வாய் மூடியிருக்கிறதா என்று எழுது.

உன் அத்தை

•

அக்டோபர் 5

அத்தைக்கு வணக்கம்.

வாசல் படிவரை தண்ணீர் வந்து திரும்பிவிட்டது. இருவரும் நலம்.

கடிதத்தைப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். சிரித்தார். "சாயத்துலயும் கெட்டிச் சாயம் உண்டு. மழைக்குப் போகாது. ஆனா இறகு உதிர்ந்து புதுசு முளைக்கும் பாரு, அதுக்கு யார் சாயம் அடிப்பா? புதுசு பழுப்பா வந்தா நான் சொன்னது சரி, செவப்பா வந்தா உன் மாமியார் சொன்னது சரி" என்றார்.

பந்தயத்தை நடுவில் மாற்றுவது நியாயமில்லை என்று உங்கள் மகனிடம் சொன்னேன். "அம்மாவுக்குச் சம்மதமான்னு கேளு. அவங்க சொன்னதுல அவ்வளவு உறுதின்னா ஏன் பயப்படணும்?" என்றார். உங்களை எங்கே குத்தினால் எழுந்திருப்பீர்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அறைக்குக் கட்டிலும் வந்துவிட்டது. உயரம் சரியாக இருக்கும்.

மருமகள்

•

அக்டோபர் 12

அன்புள்ள மருமகளுக்கு,

நலம், நலமறிய ஆவல், சம்மதம்.

கட்டிலில் படுத்தால் ஜன்னலில் என்ன தெரியும்?

உன் அத்தை

•

ஜனவரி 17

அன்புள்ள மருமகளுக்கு,

உடம்பில் குறையில்லை. மனத்தில் கொஞ்சம் இருக்கிறது.

சிவப்பு போகிறது.

முதலில் ஒரு பறவையின் தலையில் பழுப்புத் திட்டு தெரிந்தது. மண்ணாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வாரம் மார்பிலும் கண்டேன். இப்போது ஏறக்குறைய எல்லா ஆண்களும் பூச்சு உதிர்ந்த சுவர்போல இருக்கின்றன. சிவப்பு இறகு விழுந்த இடத்தில் பழுப்பு முளைக்கிறது. உன் பெரியப்பா சொன்னது அப்படியே நடக்கிறது.

இதை நான் எழுதாமல் விட்டிருக்கலாம். அங்கிருந்து யார் வந்து பார்க்கப்போகிறீர்கள்? இரண்டு நாள் அப்படித்தான் விட்டிருந்தேன். மூன்றாம் நாள் பேனாவை எடுத்தேன். பார்த்ததை மறைத்து ஜெயித்தால், கண் இருந்தும் பயனில்லை என்று துரை சொல்வது சரியாகிவிடும்.

பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன். துணி எதுவும் வைக்கவில்லை. வைக்கவும் மாட்டேன், ஏனென்றால் நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அலகு சிவப்பாகவே இருக்கிறது. வால் தொடங்கும் இடத்திலும் ஒரு சிவப்பு மாறாமல் நிற்கிறது. அதே இரண்டு சிவப்பும் பெட்டைகளிடமும் உண்டு, ஜூனிலேயே பார்த்தேன். பெட்டைகளின் பின்புறத்தில் மட்டும் சாயம் தொட்டு விற்கும் வியாபாரி யார்?

இது வாதம் மட்டுமே, ஆதாரமில்லை. துரையிடம் கடிதத்தைக் காட்டு.

உன் அத்தை

•

ஜனவரி 25

அத்தைக்கு வணக்கம்.

நாங்கள் நலம். உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. "அம்மா என்ன எழுதியிருக்காங்க?" என்றார். "நல்லா இருக்காங்களாம்" என்றேன். அதில் பொய் இல்லை.

அத்தை, பன்னிரண்டு வருடமாகச் சாயத்தில் கை நனைக்கிறேன். எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். அந்த வெண்புள்ளிகள். நாங்கள் துணியில் ஒரு வெள்ளைப் புள்ளியை விட வேண்டுமென்றால் நூலால் முடிச்சுப் போட வேண்டும், அல்லது மெழுகு வைக்க வேண்டும். அப்படியும் ஓரத்தில் கசியும். கைக்கு அடங்கிய உயிருள்ள பறவையைப் பிடித்து, கடுகளவு புள்ளிகளை விட்டுவிட்டுச் சாயம் பூசுகிறவன் இருந்தால் எங்கள் முதலாளி நாளைக்கே அவனை வேலைக்கு எடுத்துக்கொள்வார்.

ஆனால் நீங்கள் சொன்னதுபோல இதுவும் வாதம்தான். கீழே விழுந்த சிவப்பு இறகு ஒன்று கிடைத்தால் அனுப்புங்கள். எங்கள் சோதனைக்கூடத்தில் பார்த்துவிடுகிறேன். தையல்காரம்மாவை எடுத்துத் தரச் சொல்லுங்கள். நீங்கள் போக வேண்டாம்.

மருமகள்

•

பிப்ரவரி 14

அத்தைக்கு,

பதில் இல்லை. மூன்று வாரம் பதில் எழுதாமல் நீங்கள் இருந்ததே இல்லை. அவரும் இரண்டு முறை கேட்டுவிட்டார். ஒரு வரி போதும்.

மருமகள்

•

பிப்ரவரி 22

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். எழுத்து கோணலாக இருந்தால் காரணம், மேஜையின் ஒரு கால் குட்டையாகிவிட்டது.

இறகை மெல்லிய தாளில் மடித்து வைத்திருக்கிறேன். மூச்சு விடாமல் திற. சிவப்பு, நுனியில் வெள்ளை. கோரையின் நடுவில் ஒரு தண்டில் ஒட்டியிருந்தது.

ரப்பர் பூட்ஸ் ஒன்று வாங்கி அனுப்ப முடியுமா? இடது காலுக்கு மட்டும் கிடைத்தால் போதும். வலது காலுடையது இருக்கிறது. மற்றது புல்வெளியில் தங்கிவிட்டது, உன் செருப்புக்குத் துணையாக.

தையல்காரம்மா காலையும் மாலையும் வருகிறார். சும்மாதான். நன்றாகச் சமைக்கிறார், ஆனால் பேச்சு அதிகம்.

உன் அத்தை

•

மார்ச் 8

அத்தைக்கு வணக்கம்.

மேஜையின் கால் குட்டையானால் எழுத்து இப்படி ஆகாது. இடது கையால் எழுதினால் ஆகும். அதை அப்புறம் பேசுவோம்.

முதலில் இறகு. ஒரு துண்டு வெள்ளைத் துணியோடு சேர்த்துச் சோப்புத் தண்ணீரில் சூடாக்கினேன். கசியும் சாயமாக இருந்தால் அந்தத் துணி காட்டிக்கொடுத்துவிடும். துணி போட்டபடியே வெள்ளையாக வெளியே வந்தது. ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்தேன். நிறம் கையில் ஒட்டவில்லை. பிறகு பூதக்கண்ணாடி. சிவப்பு முடிந்து வெள்ளை தொடங்கும் இடத்தில் கசிவே இல்லை. என் வேலையில் அப்படி ஓர் ஓரத்தை நான் பார்த்ததில்லை. பக்கத்து மேஜைக்காரர், "யார் போட்ட சாயம் மேடம் இது, ஃபார்முலா கெடைக்குமா?" என்றார்.

இறகையும் துணியையும் எடுத்துக்கொண்டு பெரியப்பாவிடம் போனேன். அவர் இறகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்விட்டு வந்து, "உன் மாமியார் சொன்னது சரி. கூடு கட்டுற காலம் முடிஞ்சா ஆண் செவப்பைக் கழட்டிட்டுப் பழுப்பு போட்டுக்குமாம். மழையோட மறுபடியும் செவப்பு வருமாம். மீன்லயும் இப்படி உண்டு. எனக்கு முதல்லயே தோணியிருக்கணும்" என்றார். உங்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுவார். அதிலும் மீன் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஜனவரிக் கடிதம் உட்பட. அதைத் தானே வாங்கி, தானே படித்தார். இரண்டு நாள் மறைத்ததையும் மூன்றாம் நாள் பேனா எடுத்ததையும் எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தை இரண்டு முறை படித்தார்.

ஜன்னலைப் பற்றி நான்கு முறை... இல்லை, மூன்று முறை கேட்டிருக்கிறீர்கள். பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரியும். வேறு எதுவும் தெரியாது. கையை நீட்டினால் தொடலாம். ஒவ்வொரு முறையும் எழுத உட்கார்ந்து, சுவரின் நிறத்தையும் கட்டிலையும் எழுதிவிட்டு எழுந்துவிட்டேன்.

என் பக்கம் இவ்வளவுதான். உங்கள் பக்கம் எதுவும் இருந்தால் எழுதலாம். எழுதாவிட்டாலும் கையைப் பற்றி நான் அவரிடம் சொல்ல மாட்டேன். ஆனால் சனிக்கிழமை அவர் அங்கே வருகிறார். கட்டு இருந்தால் அதுவே சொல்லிவிடும்.

பூட்ஸை அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். இரண்டு காலுக்கும்.

மருமகள்

•

மார்ச் 29

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். இது வலது கை எழுத்து. மருத்துவர் கட்டைப் பிரித்துவிட்டார். உன் பூட்ஸ் பொருந்துகிறது.

இறகை எடுக்க நான்தான் போனேன். வழுக்கி விழுந்தேன், மணிக்கட்டில் விரிசல். தையல்காரம்மா மாடியில் துணி காயப்போட வந்ததால் பார்த்தார். இறகை விடாமல் பிடித்திருந்தேன் என்று இன்றுவரை தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். அது உண்மை.

துரை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான். "கைல என்னம்மா இது?"

"கட்டு."

"அது தெரியுது. எப்படி ஆச்சு?"

"பேராசிரியருக்கு ஆதாரம் வேணுமாம். எடுக்கப் போனேன். எடுத்துட்டேன்."

"யாரும் பாக்கலன்னா என்னம்மா ஆயிருக்கும்?" என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டு பையில் எதையோ தேடினான். பையில் தேடுவதற்கு ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். தண்ணீர் கொடுத்தேன்.

மறுநாள் காலை சுவரோரம் அழைத்துப் போனேன். பைனாகுலரை வாங்கிப் பார்த்தான். "எல்லாம் பழுப்பாத்தான் இருக்கு. செவப்பு எங்கம்மா?"

"மூக்கைப் பாரு. அப்புறம் திரும்பி உக்காரும்போது வாலுக்கு மேல பாரு."

நீண்ட நேரம் பார்த்தான். "ஆமா" என்றான். பைனாகுலரைத் திருப்பித் தரவில்லை.

மத்தியானம் மரக்கடைக்குப் போய்ப் பலகைகளோடு வந்தான். கொல்லைக் கதவிலிருந்து கோரை வரைக்கும் சேற்றின்மேல் ஒரு நடைபாதை போட்டான். ஒரு பக்கம் முழுவதும் கைப்பிடி. கைப்பிடி எதற்கு, நான் என்ன கிழவியா என்று கேட்டேன். ஆணி அடித்துக்கொண்டே இருந்தான். முடிந்ததும் நடந்து காட்டச் சொன்னான். அவன் பார்த்துக்கொண்டிருந்த வரைக்கும் கைப்பிடியைத் தொடவில்லை.

கிளம்புவதற்கு முன் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் வைத்தான். அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்பதுதானே பந்தயம்.

உன்னிடம் ஒன்று. அந்தக் கட்டிலை யாருக்கும் கொடுத்துவிடாதே. பறவைகள் பழுப்பாக இருக்கும் இந்த நாட்களில் எனக்கு இங்கே பெரிய வேலை இல்லை. ஏப்ரல் நடுவில் வருகிறேன். பெட்டி வேண்டாம், கைப்பை போதும். சிவப்பு ஏறுவதற்குள் திரும்பிவிடுவேன். அதற்குள் உன் பட்டறையையும் ஒருமுறை பார்க்க வேண்டும். இது யாரிடமும் அனுமதி கேட்டு எழுதும் கடிதமில்லை என்று துரைக்கும் சொல்லிவிடு.

ஜன்னலைப் பற்றிக் கவலைப்படாதே. சுவர் என்றாலும் பார்த்துக்கொள்வேன். அது என்ன நிறம் என்று இப்போது எழுதிவிடாதே. வந்து நானே பார்த்துச் சொல்கிறேன்.

உன் அத்தை